முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

கிழக்குத் தாம்பரம்
14-9-1969

அன்பு மகள் பியூலாவுக்கு அப்பா லாசரஸ் எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் அம்மாவும் சுகம். உன் சுகம் பற்றி விவரமாக எழுது. ஹாலந்து போய் இறங்கியதும் ‘சேர்ந்தேன்’ என்று ஒரே வார்த்தையில் தந்தி அடித்தாய். நான் வேலை பார்க்கும் ரயில்வே பார்சல் ஆபீஸில் மாம்பழக் கூடை போய்ச் சேர்ந்தால்கூட இதைவிட நீளமாகத் தகவல் வரும்.

உன்னை வழியனுப்பியதிலிருந்து அம்மாவுக்குப் புது வேலை. விமானச் சத்தம் கேட்டால் கரண்டியோடு வாசலுக்கு ஓடுகிறாள். இங்கே பறப்பதில் பாதி ஏர்போர்ஸ்காரர்களின் பயிற்சி விமானம், அதில் இரண்டு பேர்தான் உட்காரலாம், அதில் ஒருத்தியாக உன் மகள் வரமாட்டாள் என்றால் கேட்பதில்லை.

சபையில் எல்லோரும் உன் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். கண்ணாடி முன் நின்று “பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்” என்று சொல்லிப் பழகியிருக்கிறேன். பாடகர் குழு துரைராஜ், “அப்படின்னா என்ன அண்ணே?” என்றான். “கவர்ன்மெண்ட் ஆபீஸை எப்படி நடத்தறதுன்னு படிப்பு.” “அதுக்கு ஹாலந்துக்கா போகணும்? நம்ம ஆபீஸ்ல எப்படி நடத்தக் கூடாதுன்னு இங்கேயே பார்க்கலாமே?” எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவனுக்கு இதற்குப் பதில் எங்கிருந்து வரும்? நல்ல பதிலாக ஒன்று எழுதி அனுப்பு. ஞாயிறுதோறும் அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது.

நீ மாதர் சங்கங்களைக் கவனிக்கும் முக்கிய சேவிகாவாகச் சைக்கிளில் சுற்றிய ஊர்க்காரர்களும் மறக்கவில்லை. பள்ளிக்கரணை எல்லம்மா கோரைக் கட்டு புக் பண்ண வந்தவள், “சைக்கிளம்மா எப்ப சாரு வரும்? அது வாங்கிக் குடுத்த தையல் மிசினைப் பஞ்சாயத்து ரூம்புல வச்சிப் பூட்டிகினு போய்ட்டாங்க” என்றாள். படிப்பு முடிந்து ஜூன் மாசம் நீ வந்துவிடுவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டை விடாதே. குளிரில் தலைக்குக் குளிக்காதே.

உன் அப்பா,
லாசரஸ்


தி ஹேக்
20-10-1969

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, பியூலாவின் ஸ்தோத்திரங்கள். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

எங்கள் வகுப்பில் பல நாட்டு அதிகாரிகள். பெண்கள் மூன்றே பேர். நம் ஊரில் சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்து இலாகாப் பரீட்சை எழுதுகிறோம், அதுதான் நிர்வாகப் படிப்பு. இங்கே புத்தகத்தைத் திறப்பதே அபூர்வம். பேராசிரியர் மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு, “உங்கள் நாட்டில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். நான் மாதர் சங்கத்துத் தையல் மிஷின் வாங்க எத்தனை கையெழுத்து வாங்கினேன் என்று சொன்னேன். கானா நாட்டுக்காரர் எழுந்து வந்து கை குலுக்கினார். அவர் ஊரிலும் அதே கதையாம்.

துரைராஜ் அண்ணனிடம் சொல்லுங்கள்: இங்கிலாந்துக்காரர்கள் இதற்குப் படிப்பே தேவையில்லை என்கிறார்கள். சரித்திரமோ லத்தீனோ நன்றாகப் படித்தவன் எந்த நாற்காலியிலும் உட்காரலாமாம். அதனால் அவர் கேள்வி மட்டமான கேள்வி இல்லை.

அப்பா, ஓர் உதவி. நம் மெட்ராஸில் இந்தப் படிப்பை மாலை நேர டிப்ளமோவாக நடத்தும் கல்லூரியில் பாடத்திட்டம் வாங்கி அனுப்ப முடியுமா? ஒப்பிட்டுப் பேச வேண்டும்.

இப்படிக்கு,
பியூலா


கிழக்குத் தாம்பரம்
8-2-1970

அன்பு மகளுக்கு, நாங்கள் சுகம். முழங்கால் மட்டும் தனியாக அசுகம்.

நீ கேட்ட பாடத்திட்டம் இத்துடன் வருகிறது. இந்த இரண்டு தாளுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே! நீ சொன்ன கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம், கடற்கரைப் பக்கம். விசாரணை ஜன்னலில் ஒருவர், “யாருக்கு சார் இந்தப் படிப்பு?” என்றார்.

“என் மகளுக்கு.”

“அப்ப அவங்களை வரச் சொல்லுங்க.”

“அவள் ஹாலந்தில் இதே படிப்பைப் படிக்கிறாள்.”

“அங்கேயே படிக்கிறாங்கன்னா இங்கே எதுக்கு சார்?”

“ஒப்பிட்டுப் பார்க்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சார், நாங்க ஒரே ஒரு ஊர்ல நடத்தறதுக்கே திண்டாடறோம்” என்று சொல்லி அடுத்த ஜன்னலுக்கு அனுப்பினார். அந்த ஜன்னல் மூடியிருந்தது. மறுவாரம் போனால் திறந்திருந்தது, ஆள் இல்லை. கடைசியில் ஒரு மாணவன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தான். ஓரத்தில் அவன் ஒரு பெண்ணின் படம் வரைந்திருக்கிறான், அது பாடத்திட்டத்தில் சேர்த்தி இல்லை.

உன் நீல ஏர்மெயில் காகிதங்களைப் பற்றி ஒரு புகார். மூன்று மடிப்பிலும் ஹாலந்து, இங்கிலாந்து என்று பாடம் எடுத்துவிட்டு, ஓரத்தில் இண்டு இடுக்கில் ‘நான் நலம்’ என்கிறாய். எனக்குத் தலைகீழாக வேண்டும். உன்னைப் பற்றி மூன்று மடிப்பு, இங்கிலாந்தைப் பற்றி ஓரம்.

ஜூனுக்கு அதிக நாள் இல்லை என்று அம்மா சொல்லச் சொல்கிறாள்.

அப்பா


தி ஹேக்
21-5-1970

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, நலம். நீங்களும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன்.

டிப்ளமோ தேறிவிட்டேன். ஒரு செய்தி. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஒரு சர்வகலாசாலையில் எம்.ஏ.வுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் இங்கிருந்தே நேராகப் போகிறேன். ஹாலந்துப் படிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு. அனுபவத்தைப் பேசிப் பகிர்ந்துகொள்வதோடு சரி. அமெரிக்காவில் பட்ஜெட், புள்ளிவிவரம், அமைப்பு இயல் என்று தனித் தனியாக ஆழமாகச் சொல்லித் தருகிறார்கள். இரண்டையும் படித்தால்தான் முழுமை என்று தோன்றுகிறது.

ஆபீஸ் விஷயமெல்லாம் நானே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அலைய வேண்டாம்.

பியூலா


கிழக்குத் தாம்பரம்
2-6-1970

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. சுகம்தான். சுகத்துக்கு என்ன குறைச்சல்? மானம்தான் போயிற்று.

உன் கடிதம் நேற்று திங்கட்கிழமை வந்தது. முந்தின நாள் வந்திருக்கக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜூன் வந்துவிட்டதே என்ற அவசரத்தில், ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, ‘மகள் பியூலா மேல்படிப்பை முடித்துச் சுகமாக வீடு திரும்பும் நன்மைக்காக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். போதகர் அதைப் பீடத்தில் நின்று வாசித்தார். சபையே ஆமென் சொல்லிற்று. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆராதனை முடிந்து கை குலுக்கினவர்களை எண்ணி முடியாது. மாதர் ஐக்கியத்தில் உனக்குத் தேநீர் விருந்து வைக்கிறார்களாம்.

இன்று காலை போதகரிடம் ஓடினேன். “ஐயா, கொஞ்சம் முந்திவிட்டேன். அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அவள் வரும்போது மறுபடி கொடுக்கலாமா?”

அவர் நல்ல மனிதர். சிரிக்காமல் சொன்னார்: “ஸ்தோத்திரத்தை வாபஸ் வாங்கற வழக்கம் நம்ம சபையில இல்லையே, லாசரஸ்.”

ஊரெல்லாம் காரியம் ஆன பிறகு நன்றி சொல்லும். உன் அப்பன் ஒருத்தன்தான் அட்வான்ஸாகச் சொல்லுவான். இனி துரைராஜ் என்னை விடுவானா?

படி அம்மா. படிக்கப் போன பிள்ளையை வேண்டாம் என்பேனா? ஆனால் நீ படிக்கப் போயிருக்கிறாயா, எந்த ஊரில் எப்படிப் படிக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்‌ஷன் போயிருக்கிறாயா என்றுதான் விளங்கவில்லை. உன் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் ஏகநாதனை நானே பார்த்து லீவை நீட்டிக்கச் சொல்கிறேன்.

அப்பா


நியூயார்க் மாநிலம்
27-9-1970

அன்புள்ள அப்பாவுக்கு, ஸ்தோத்திர விஷயத்தைப் படித்து அழுதேனா சிரித்தேனா என்று சொல்ல முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் தனியாக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் உத்தரவுப்படி முதலில் என்னைப் பற்றி: அறையில் நானும் ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணும். சோறு பொங்கக் கற்றுக்கொண்டேன். கம்பளிக் கோட்டு கனமாக இருக்கிறது.

இனி ஓரத்தில்: இங்கே ஒரு கதையைக் கொடுக்கிறார்கள். ஓர் ஊரில் பாலம் கட்ட வேண்டும், பணம் போதவில்லை, மூன்று பேர் சண்டை போடுகிறார்கள். கதைக்கு முடிவு இருக்காது. நீ அந்த அதிகாரியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். சரியான விடை என்று ஒன்று கிடையாது. பிரான்சில் இதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே தேறினால் நாற்காலி நிச்சயம். நான் எழுதப் போகும் ஆய்வே இதுதான்: நாலு நாடுகளில் நிர்வாகவியல் மேற்படிப்பு, ஓர் ஒப்பீடு.

ஏகநாதன் சாரைப் பார்க்கப் போகாதீர்கள் அப்பா. மாடிப்படி உங்கள் காலுக்கு ஆகாது.

பியூலா


கிழக்குத் தாம்பரம்
15-11-1970

அன்பு மகளுக்கு, நாங்கள் சுகம். மழை விடாமல் கொட்டி, பெருங்களத்தூர் வரைக்கும் ரோட்டோரமெல்லாம் குளம்.

முடிவில்லாத கதையைக் கொடுத்து நீ என்ன செய்வாய் என்று கேட்பதற்கா அமெரிக்காவில் பட்டம்? எனக்கு அது தினமும் நடக்கிறது. பணம் போதவில்லை, மூன்று பேர் சண்டை. எனக்கு ஏன் யாரும் எம்.ஏ. தரவில்லை?

துரைராஜ் ஞாயிறுதோறும் கோவில் வாசலில் நின்று, “என்ன அண்ணே, பிளேன் லேட்டா?” என்கிறான். இப்போது சண்டே ஸ்கூல் பிள்ளைகளும் கேட்கின்றன.

நீ தடுத்தும் ஏகநாதனைப் பார்த்தேன். உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். “உங்க டாட்டர் ஃபாரின்ல படிக்கறது ரொம்ப சந்தோஷம் சார். ஆனா பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன்னு படிச்சிட்டு வந்தா எந்த சீட்ல உக்கார வைக்கறது? அக்ரிகல்சர் படிச்சா அக்ரிகல்சர் சீட், கோவாப்பரேடிவ் படிச்சா அந்த சீட். இது எல்லா சீட்டுக்கும் பொதுவா இருக்கே!” என்றார். நானும் சிரித்தேன். மற்றதெல்லாம் வழக்கமான ஆபீஸ் பேச்சு. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. நீ நிம்மதியாகப் படி.

அப்பா

அம்மா எழுதுவது: கண்ணு, இவர் அன்று உன் ஆபீஸிலிருந்து வந்து சாப்பிடவில்லை. கேட்டால் ரயிலில் கூட்டம் என்கிறார். இன்னொன்று. பிளேன் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடுவது நான் என்று எழுதியிருப்பார். கரண்டி என் கையில் இருக்கும். எனக்கு முன்னால் ஓடுவது அவர்தான். - ஞானஜோதி


கிழக்குத் தாம்பரம்
7-2-1971

அன்பு மகளுக்கு, கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. கடிதம் வரவில்லை. புது வருஷத்துக்கும் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கிக் கேட்கிறேன். அவர் என்னைக் கண்டால் பக்கத்துத் தெருவில் திரும்பிவிடுகிறார்.

நான் நவம்பரில் பாதிதான் எழுதினேன். மீதியை இப்போது எழுதுகிறேன். ஏகநாதன் காப்பி வரவழைத்ததே ஆறுதலுக்காக. உன் லீவு போன ஜூனோடு முடிந்துவிட்டதாம். உன் இடத்துக்குத் திருவள்ளூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியைப் போட்டாகிவிட்டது. நீ வந்தால் புதுசாகச் சேருகிறவள் மாதிரி கடைசியிலிருந்து தொடங்க வேண்டும், எந்த ஜில்லா என்றும் சொல்ல முடியாதாம். நீ படிக்கிற படிப்புக்கென்று இங்கே ஓர் இடமும் கிடையாது. அவர் மேல் தப்பில்லை. விதியைப் படித்துக் காட்டினார், அதுவும் இரண்டு தடவை, எனக்கு இங்கிலீஷ் ஏறவில்லை என்று. அதற்குப் பிறகும் நான் இரண்டு முறை அந்தப் படி ஏறினேன். விதி மாறியிருக்குமோ என்று.

சொன்னால் நீ வராமலே இருந்துவிடுவாயோ என்று பயந்துதான் சொல்லவில்லை. அதுதான் விஷயம். இப்போது சொல்லிவிட்டேன். உனக்கு எது நல்லதோ அதைச் செய்.

கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் வெளியே போகாதே.

அப்பா


நியூயார்க் மாநிலம்
2-3-1971

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். இந்தக் கடிதம் முழுவதும் என்னைப் பற்றித்தான்.

நீங்கள் எழுதிய எல்லாம் எனக்குத் தெரியும். போன வருஷம் ஏப்ரலிலேயே ஹேக்குக்கு ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டது. லீவு நீட்ட முடியாது, வந்தாலும் இந்தப் படிப்புக்கு இடம் இல்லை என்று. அதனால்தான் அமெரிக்கா. ஆழம், முழுமை என்றெல்லாம் எழுதியது பொய்யில்லை. ஆனால் அது காரணமும் இல்லை. உங்களிடம் சொன்னால் ஏகநாதன் சாரிடம் சண்டைக்குப் போவீர்கள். அதைவிட மோசம், கெஞ்சப் போவீர்கள். மாணவியாக இருக்கும்வரை எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நவம்பர் கடிதத்தில் அம்மா எழுதியதைப் படித்ததும் உங்களுக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஏகநாதன் சாரின் கேள்வியை ஆய்வில் சேர்த்திருக்கிறேன். ‘படித்துவிட்டு வந்தவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது?’ நான் பார்த்த பாடத்திட்டங்களில் பிரான்ஸ் தவிர எதிலும் இதற்குப் பதில் இல்லை. பேராசிரியர் அடிக்கோடிட்டு, “யார் இந்த ஏகநாதன்? எந்தச் சர்வகலாசாலை?” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அப்பா, அவர்களே எனக்கு ஒரு நாற்காலி தருகிறார்கள். செப்டம்பரிலிருந்து இரண்டு வருஷம் இங்கே பாடம் சொல்லித்தரும் வேலை. இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் சொல்லாமல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பியூலா


கிழக்குத் தாம்பரம்
21-3-1971

மகளுக்கு, சுகம், சுகம், சுகம். அந்தச் சம்பிரதாயம் முடிந்தது.

தெரிந்துகொண்டேவா? போன ஏப்ரலிலிருந்து தெரிந்துகொண்டேவா என்னை அந்தப் படி ஏறவிட்டாய்? நான் அந்த மனிதருக்கு என் கையால் நம் வீட்டு முருங்கைக்காய் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன்! அவரும் வாங்கிக்கொண்டார். மூன்று முறை என்னைப் படியேற வைத்தவர் அமெரிக்காவில் அறிஞர். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவன் நான்.

நீ ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடித்தாய், நான் ஒன்றும் நடக்காத மாதிரி நடித்தேன், உன் அம்மா இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு குழம்பு கொதிக்க வைத்தாள். அவளிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “இதுக்குத்தான் இத்தனை ஸ்டாம்பா?” என்றாள்.

நேற்று முழுக்கக் கோபமாக இருந்தேன். ஆபீஸில் ஒரு கூடையை விழுப்புரத்துக்குப் பதில் விருத்தாசலத்துக்கு அனுப்பிவிட்டேன். இன்று காலை கோபம் இல்லை. அந்த நாற்காலியில் உட்காரு. இங்கே உட்கார இடம் கொடுக்காத ஊருக்காக அங்கே நின்றுகொண்டிருக்காதே. நான் சொல்லிவிட்டேன். ஒப்புக்கொள்.

ஆனால் ஒன்று. சபையில் என் பேரில் ஒரு ஸ்தோத்திரம் நிலுவையில் நிற்கிறது. வாபஸ் கிடையாது என்று போதகர் சொல்லிவிட்டார். அதனால் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது வந்து போ. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் போதும். அப்புறம் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போய் ஒப்பிட்டுக்கொள்.

அப்பா


நியூயார்க் மாநிலம்
25-4-1971

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு, நலம்.

வேலையை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். ஆய்வைக் கொடுத்துவிட்டேன். ஜூன் 12, சனிக்கிழமை, பம்பாய் வழியாக மீனம்பாக்கம். ஆகஸ்ட் வரை இருப்பேன். ஒரு ஞாயிறு இல்லை அப்பா, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி பெஞ்ச் வேண்டாம், நம் பெஞ்சிலேயே உட்காருகிறேன்.

என் சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள். பள்ளிக்கரணைக்குப் போய் அந்தத் தையல் மிஷினைப் பற்றிக் கேட்க வேண்டும். எனக்கு இப்போது பதவி இல்லை, கேள்வி கேட்கத் தடையும் இல்லை.

பியூலா


கிழக்குத் தாம்பரம்
9-5-1971

அன்பு மகளுக்கு, நாங்கள் சுகம். முழங்காலும் சுகம், நம்பு.

எல்லம்மாவிடம் சொன்னேன். “வரட்டும் வரட்டும். பூட்டு துருப்பிடிச்சிக் கீது, எண்ணெய் எத்தினு வரச் சொல்லு” என்றாள். சைக்கிளின் பின் டயர் பாழ், மாற்றியாயிற்று.

சபையில் யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. விட்டால் மறுநாளே உனக்கு ஜெர்மனியில் ஏதாவது படிப்பு கிடைக்கும். போன ஞாயிறும் துரைராஜ் வழக்கப்படி, “பிளேன் லேட்டா அண்ணே?” என்றான். “ஆமாம்டா, லேட்தான்” என்றேன். முதல் தடவையாக நான் பதில் சொன்னதில் அவன் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிரித்தான்.

இன்னொரு காணிக்கைக் கவர் எழுதியிருக்கிறேன். ஒட்டவில்லை, கொடுக்கவும் இல்லை. சட்டைப் பையிலேயே இருக்கிறது, அம்மா துவைக்கும்போது மட்டும் எடுத்து வைக்கிறாள். இந்தத் தடவை விமானம் இறங்கி, கதவு திறந்து, நீ படியில் இறங்கி, நான்தான் முதலில் பார்த்தேன் என்று அம்மாவிடம் சண்டை போட்டு முடித்த பிறகுதான் அதைக் கொடுப்பேன்.

கவனமாக வா.

அப்பா